யாரும் சொல்லாத ஒரு வாக்கியம்

இந்த வருடம் சிங்கள - தமிழ் மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். சுற்றறிக்கையை எப்படி மொழிபெயர்ப்பது, பிறப்புச் சான்றிதழில் பெயரை எந்த எழுத்தில் போடுவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. முப்பத்தொரு வருடம் கண்டியில் இந்த வேலையைப் பார்த்தவள் நான். அதில் ஒரே ஒரு காலைப்பொழுதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அன்று நான் செய்ததில் ஒன்று நிச்சயமாகப் பிழை. இன்னொன்று பிழையா சரியா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. நீங்களாவது யோசித்துப் பாருங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. ஆயுத பூஜைக்கு அடுத்த நாள். காலை எட்டரைக்கு அலுவலகத்தில் குடையை மடக்கி வைத்துவிட்டு நிமிர்கிறேன், பொலிஸ் நிலையத்திலிருந்து ஆள் வந்து நின்றார். இந்தியப் பெண் ஒருவர் இருக்கிறார், வாக்குமூலம் எடுக்க வேண்டும், தமிழ் தெரிந்தவர் யாரும் இன்று பணியில் இல்லை, உடனே வரச் சொன்னார்கள் என்றார். அப்படிக் கூப்பிட்டால் போவது எங்கள் அலுவலகத்தில் வழக்கம்தான். போனேன்.

நிலையத்துக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நான் உள்ளே நுழையும்போது ஒருவர் என் நெற்றியைப் பார்த்தார். காலையில் வைத்த திருநீறு. மழையில் பாதி கரைந்திருந்தது. மீதியை ஏனோ கையால் துடைத்துக்கொண்டேன்.

உள்ளே ஒரு கதிரையில் முப்பது வயது மதிக்கத்தக்க பெண், மடியில் நாலு வயதுக் குழந்தை. பெயர் வித்யா, கோயம்புத்தூர்க்காரர். கணவர் சிவக்குமார் கடுகண்ணாவைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறியியலாளர். கண்டியை ஒட்டிய அம்பிட்டியவில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"அக்கா, தமிழுங்களா? நான் ஒண்ணுமே பண்ணலீங்க. என்னைய அரெஸ்ட் பண்ணிட்டாங்களாங்க?"

நான் சார்ஜன்டிடம் கேட்டேன். "அதை இன்னும் நாங்களே முடிவு செய்யவில்லை" என்றார் அவர். ஐம்பதை நெருங்கிய, நிதானமான மனிதர். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கும் உண்மையிலேயே தெரியவில்லை.

நடந்தது இதுதான். முதல் நாள் மாலை வித்யாவும் கணவரும் புதிதாக வாங்கிய காருக்கும் வீட்டுக்கும் பூஜை போட்டிருக்கிறார்கள். ஒரு நீற்றுப்பூசணிக்காயில் ஓட்டை போட்டு, உள்ளே குங்குமமும் சில்லறைக் காசும் கொட்டி, மேலே சூடம் கொளுத்தி, வீட்டையும் காரையும் பிள்ளையையும் சுற்றி, வாசலுக்கு முன்னால் சந்து திரும்பும் இடத்தில் ஓங்கி உடைத்து, எலுமிச்சையும் நறுக்கிப் போட்டிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் அன்றைக்குத் தெருவுக்குத் தெரு உடைப்பார்களாம். இரவு முழுக்க மழை. அந்தச் சந்து கொங்கிரீட் போட்ட செங்குத்தான இறக்கம். விடியற்காலையில் பக்கத்து வீட்டு மருமகள் நிலூஷி, ஏழு மாதக் கர்ப்பிணி, கிளினிக்குக்குப் போகப் புறப்பட்டு அந்தத் திருப்பத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். எழுப்ப ஓடிய மாமியார் பார்த்தது, மருமகளின் சேலையெல்லாம் சிவப்பு. குங்குமமா இரத்தமா என்று தெரியவில்லை. கொஞ்சம் இரத்தமும் இருந்தது. சுற்றிலும் பூசணித் துண்டு, நறுக்கின எலுமிச்சை, காசு.

இங்கே பிறந்து வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிங்களக் கிராமங்களில் ஹூனியம் என்பார்கள், நம்முடைய சூனியம்தான். அதை வெட்டுகிற சடங்கில் நீற்றுப்பூசணியும் எலுமிச்சையும் வெட்டுவார்கள். ஒருவர் தாண்டிப் போகும் வழியில் சூனியம் வைத்தால் தாண்டியவருக்குப் பலிக்கும் என்பார்கள். அந்தக் குடும்பத்தின் கண்ணுக்கு அன்று வேறெதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. சந்தே கூடிவிட்டது. யாரோ கல் எறிந்ததில் வித்யாவின் வீட்டுக் கண்ணாடி ஒன்று உடைந்தது. கணவர் ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விட்டார். பொலிஸார் வந்து தாயையும் பிள்ளையையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். பாதுகாப்புக்காகவா, குற்றவாளியாகவா? அதுதான் இன்னும் முடிவாகவில்லை.

எதிரே இருந்த வாங்குப் பலகையில் நிலூஷியின் கணவர் சமிந்தவும் மாமியார் குசுமாவதியும் இருந்தார்கள். சமிந்த வாடகை வேன் ஓட்டுகிறவர். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் இன்னும் வரவில்லை. ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை தொலைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குசுமாவதி அம்மா எதையும் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டை, இடுப்பில் சாயம்போன சீத்தைத் துணி. கைகளை மடியில் கோர்த்தபடி இருந்தார்.

சார்ஜன்ட் கேட்கத் தொடங்கினார். வித்யா ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"திருஷ்டிங்க. திருஷ்டி கழிக்கறதுக்குங்க. யாருக்கும் கெட்டது பண்றதுக்கில்லீங்க."

நான் வாயைத் திறக்குமுன் சார்ஜன்ட் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். சிங்களத்தில் திருஷ்டி என்றால் கொள்கை, நம்பிக்கை. விகாரையில் பிக்குமார் பண என்கிற உபதேசம் சொல்லும்போது தவறான நம்பிக்கையை மித்யா திருஷ்டி என்பார்கள். "என்ன திருஷ்டி? எந்த மதக் கூட்டத்தைச் சேர்ந்தவர் இவர்?" என்று கேட்டார். இல்லை, அது வேறு சொல் என்றேன். அப்படியானால் என்ன என்றார்.

அந்த இடத்தில் எனக்குச் சொல் வரவில்லை.

தெரியாத சொல்லில்லை. சின்ன வயதில் சந்தையிலும் பஸ்ஸிலும் நூறு தடவை கேட்ட சொல். ஆனால் முப்பது வருடமாக நான் பேசியது அலுவலகச் சிங்களம். கட்டளைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு என்பதற்கு உடனே சொல் வரும். அடுப்படியில், குசினியில் பேசுகிற சொல் வரவில்லை. வெளியே சத்தம், எதிரே கர்ப்பிணியின் கணவர், மேசையில் பேனா காத்திருக்கிறது. "கெட்டதை விலக்குவதற்குச் செய்கிற ஒரு சாந்தி" என்று சிங்களத்தில் சொன்னேன்.

சமிந்த பாய்ந்து எழுந்தார். "அதைத்தானே நாங்களும் சொல்றோம்! அவங்க வீட்டுக் கெட்டதை விலக்கி எங்க வழியில கொண்டுவந்து போட்டிருக்காங்க!"

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையே இல்லை. நான் கொடுத்த வாக்கியத்துக்கு அதுதான் அர்த்தம்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "மிஸ், நான் உங்களைக் கேக்கிறேன். உங்க ஆட்கள் எல்லாருமே இப்படித்தானா?"

பிள்ளைகளே, இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். வித்யாவிடம் கேட்கப்பட்ட கேள்வியில்லை அது, என்னிடம் கேட்கப்பட்டது. நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். இந்த நாட்டில்தான் பிறந்தேன் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள். இந்தியாவுக்குப் போ என்று பள்ளிக்கூடத்திலும் கேட்டிருக்கிறேன், பஸ்ஸிலும் கேட்டிருக்கிறேன். சிறுமியாக இருந்தபோது ஒரு தடவை, எங்களை அடிக்க வந்த கூட்டத்துக்குப் பயந்து, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் ஒளிந்திருக்கிறேன். வெளியே நின்ற கூட்டத்தின் சத்தம் எனக்கு அந்தச் சத்தமாகவே கேட்டது. இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் மனதுக்குள் என்ன ஓடியது என்பதைத்தான் சொல்கிறேன்.

"இவங்க எங்க ஆட்கள் இல்லை" என்றேன். "இந்தியாவிலிருந்து வந்தவங்க. எங்ககிட்ட இப்படியான பழக்கம் இல்லை."

யாரும் சொல்லாத வாக்கியம். வித்யா சொல்லவில்லை, சார்ஜன்ட் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் சொன்னதால் அது பதிவேட்டில் ஏறிவிட்டது.

"என்னங்க்கா சொன்னீங்க?" என்று வித்யா கேட்டார்.

"விளக்கம் சொன்னேன்மா" என்றேன்.

விளைவு உடனே தெரிந்தது. சார்ஜன்ட் பேனாவை வைத்துவிட்டு வித்யாவை வேறு மாதிரிப் பார்த்தார். அதுவரை அவர் மனதில், இது கோயில் சம்பந்தமான ஏதோ வழக்கம், எச்சரித்து அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்திருக்கிறது. இங்குள்ள இந்துக்களே செய்யாத ஒன்று என்றால் இது என்ன? கடவுச்சீட்டைக் கேட்டார். விசா யார் பெயரில் என்று கேட்டார். குடிவரவுக்கு அறிவிக்க வேண்டியிருக்கும் என்றார். சமிந்த வாசலுக்குப் போய், "அந்தத் தமிழ் மிஸ்ஸே சொல்றாங்க, இது அவங்க சமயமில்லையாம்" என்று கூட்டத்துக்கு அறிவித்தார். வெளியே சத்தம் கூடியது. உள்ளே ஓர் இளம் கான்ஸ்டபிள் கதவைச் சாத்தினார்.

நான் ஒரு பெண்ணைக் காப்பாற்ற வந்து, அவளைச் சூனியக்காரியாக்கிவிட்டேன். 

கதவு சாத்திய சத்தத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. வித்யா அதை நெஞ்சோடு அணைத்து, வலது கையால் அதன் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். தன்னையறியாமல் செய்தது. பயந்த பிள்ளைக்கு நம் வீடுகளில் எந்தத் தாயும் செய்வது.

அப்போதுதான் குசுமாவதி அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அது எஸ்வஹவுக்குச் செய்றதில்லையா?"

எஸ்வஹ. கண்ணேறு. நான் தேடிய சொல். கண்ணின் நஞ்சு என்று அர்த்தம். சிங்களத் தாய்மாரும் பிள்ளைக்குப் பொட்டு வைப்பது அதற்குத்தான். கட்டுகிற வீட்டுக்கு முன்னால் சாக்குப் பொம்மையைத் தொங்கவிடுவதும் அதற்குத்தான்.

"ஆமாம் அம்மா, அதுதான்! பூசணிக்காயும் அதுக்குத்தான்! எஸ்வஹ!" என்று கிட்டத்தட்டக் கத்தினேன்.

எல்லாம் முடிந்தது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். சார்ஜன்ட்டின் முகமும் இளகியது. ஆனால் குசுமாவதி அம்மா யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"யாருடைய கண்? அந்தத் திருப்பத்தில இருக்கிறது இந்த வீடும் எங்க வீடும்தான். எங்க கண்ணுக்கா செஞ்சாங்க? கேளுங்க."

கேட்டேன். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடு பெண்ணே, பொதுவாகச் செய்வது என்று சொல்லிவிடு என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே கேட்டேன்.

வித்யா அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"இவங்க கண்ணுதானுங்க. வந்த நாள்ல இருந்து அந்த ஜன்னல்ல நின்னு எங்க வீட்டையே பார்த்துட்டு இருப்பாங்க. சிரிக்க மாட்டாங்க. பாப்பா சாப்பிடறப்ப பார்ப்பாங்க, கார் வந்தப்பவும் பார்த்தாங்க. எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியாதுங்க. பயமா இருந்துச்சுங்க."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

இதுதான் நான் உங்களிடம் யோசிக்கச் சொன்ன இடம். பத்து நிமிடத்துக்கு முன்னால் சொல்லப்படாத ஒன்றைச் சொல்லி ஒரு கேடு செய்திருந்தேன். இப்போது சொல்லப்பட்ட ஒன்றை விழுங்கிவிட்டால் எல்லாரும் சமாதானமாகப் போய்விடுவார்கள். 'பொதுவாகச் செய்வதுதான் என்கிறார்' என்று சொன்னால் போதும். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. ஆஸ்பத்திரியில் குழந்தை இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாத நேரம். 'உங்கள் கண்ணுக்குத்தான்' என்று அந்தத் தாயிடம் சொல்வதா?

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். துணிச்சலால் இல்லை. இன்னொரு தடவை என் சொந்தப் புத்தியை நம்பப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

சமிந்த ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய அம்மா கையை உயர்த்தித் தடுத்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது அதுவல்ல, மானம் போனவரைப் போல ஒரு முகம்.

"அது எங்க குசினி ஜன்னல்" என்றார். "நான் நாள் முழுக்க நிக்கிறது அங்கதான். அவங்க வந்து எட்டு மாசம், இன்னும் ஒரு திரை போடல்ல. நான் வேற எங்க பார்க்க?" பிறகு, "சிரிச்சா பதிலுக்குப் பேசணும். எனக்கு அவங்க பாஷை தெரியாதே" என்றார்.

அதையும் வித்யாவுக்குச் சொன்னேன். அவர் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

ஒன்பதே முக்காலுக்கு சமிந்தவின் தொலைபேசி அடித்தது. வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு சரியாக இருக்கிறது, தாயை இரண்டு நாள் வைத்துப் பார்ப்பார்கள் என்று சேதி. சமிந்த சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்ச் சொன்னதும் கூட்டம் மெல்லக் கலைந்தது. முறைப்பாடு வேண்டாம் என்று குசுமாவதி அம்மா சொன்னார். சமிந்த மட்டும், "சூனியமோ இல்லையோ, என் பெண்சாதி விழுந்தது விழுந்ததுதானே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அன்று எனக்கு உறைக்கவில்லை. பல நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த அறையில் நாங்கள் எல்லாரும் பூசணிக்காய்க்கு என்ன அர்த்தம் என்றே பேசிக்கொண்டிருந்தோம். இறக்கத்தில் உடைத்ததை ஏனம்மா கூட்டித் தள்ளவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வித்யா உடனே மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். யாரும் அதைக் கேட்காததால் அவர் மன்னிப்புக் கேட்கவேயில்லை. அந்த மன்னிப்பு சமிந்தவுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

எல்லாரும் எழுந்த பிறகு நான் சார்ஜன்டிடம் போய், முன்னால் பதிந்த ஒரு வரியை வெட்ட வேண்டும் என்றேன்.

"எந்த வரி?"

"எங்ககிட்ட இப்படியான பழக்கம் இல்லைன்னு எழுதினது. அது இந்தப் பெண் சொன்னதில்லை. நான் சொன்னது. அது உண்மையுமில்லை. பூசணிக்காயை ரோட்டில உடைக்கிறதை நான் பார்த்ததில்லை, ஆனா லொறி டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறதும் தேங்காய் உடைக்கிறதும் எங்க தோட்டத்திலயும் இருக்கு. என் மகனுக்கு நானே திருஷ்டி சுத்தியிருக்கேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மிஸ், இந்தப் புத்தகத்தில வெட்ட முடியாது. வேணும்னா கீழே உங்க பேர்ல தனியா ஒரு வாக்குமூலம் எழுதலாம். எழுதினா உங்க அலுவலகத்துக்கும் தெரியவரும். விஷயம்தான் முடிஞ்சுபோச்சே, அப்படியே விட்டுடலாமே?"

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் எழுதினேன். சிங்களத்தில், என் கையால், 'இவர்களும் நானும் ஒரே வழக்கத்தைச் சேர்ந்தவர்கள்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பத்து நாளில் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பிறகு கொஞ்ச காலம் என்னை வெளிவேலைக்கு அனுப்பவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

நிலூஷிக்கு டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது. அதற்குள் வித்யாவின் குடும்பம் அம்பிட்டியவை விட்டு நகரத்துக்குள் ஒரு மாடி வீட்டுக்குப் போய்விட்டது. குசுமாவதி அம்மாவை ஒருமுறை கண்டிச் சந்தையில் கீரை வாங்கும்போது சந்தித்தேன். "நாங்க போகச் சொல்லல்ல மிஸ். அடுத்த நாளே திரை போட்டாங்க, அதுக்குப் பிறகு திறக்கவேயில்ல" என்றார். "நானும் ஜன்னலை மூடி வச்சுட்டுத்தான் சமைக்கிறேன்."

ஆக, நான் சொன்ன பொய்யைத் திருத்த முடிந்தது. நான் சரியாக மொழிபெயர்த்ததைத் திருத்த வழியில்லாமல் போயிற்று. அதை விழுங்கியிருக்க வேண்டுமா? உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது, கூடாது என்று. நானும் கூடாது என்றுதான் சொல்வேன். ஆனால் சொல்லும்போது எனக்கு அந்த மூடிய ஜன்னல் நினைவு வரும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று பதினொரு மணியளவில் சிவக்குமார் பதறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நிலையத்து வாசலில் ஆட்டோவுக்குக் காத்து நின்றோம். நடந்ததை வித்யா அவருக்குச் சொல்லி முடித்ததும் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நம்ம ஆளு ஒருத்தர் உள்ள இருந்ததுனால தப்பிச்சோமுங்க. இல்லீன்னா என்ன ஆயிருக்குமோ."

அவர்களுக்குச் சிங்களம் தெரியாது. நான் என்ன சொன்னேன் என்று அவர்களுக்குத் தெரியவரப் போவதேயில்லை. பேசாமல் இருந்துவிடலாம். ஆட்டோவும் வந்துவிட்டது.

"தம்பி, நான் உள்ள அப்படிச் சொல்லல. நீங்க எங்க ஆளுங்க இல்லைன்னுதான் முதல்ல சொன்னேன். அதனாலதான் பாஸ்போர்ட்டையே கேட்டாங்க" என்றேன்.

சிவக்குமார் என் கையை விட்டுவிட்டார். வித்யா மட்டும் ஆட்டோவுக்குள் ஒரு காலை வைத்தபடி திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமில்லை, ஏதோ கணக்குப் போடுவதுபோல ஒரு பார்வை.

"ஊர்ல யாராச்சும் உங்களைப் பத்திக் கேட்டா, நானும் சிலோன்காரங்கன்னுதானுங்க சொல்லியிருப்பேன்" என்றார். "நம்ம ஆளுன்னு சொல்லியிருக்க மாட்டேனுங்க."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடத்தைத் தட்டினார்.

"ஏறுங்க அக்கா. மழை வருது. உங்க ஆபீஸ்ல இறக்கி விட்டுட்டுப் போறோம்."